ரேவதியின் வட்டத்துக்கு இரண்டு கோடுகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் படிக்கக் கொடுக்க, என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி துறையில் கேட்டார்கள். கருவிகளைப் பற்றி எழுத மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் பயபக்தியோடு தொட்ட கருவி, இப்போது வரவேற்பறையில் ஓரமாக நிற்கிறது. அதன் மேல் யாரோ பூச்சாடி வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற அன்று இருந்த கருவிக்கும் அதே கதி வந்துவிட்டதாகக் கேள்வி. என் தலையில் இன்னும் பூச்சாடி வைக்கவில்லை. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

முப்பத்தொரு வருடம் இந்த மரபணுத் துறையில் என் வேலை படம் போடுவது. ஒரு குடும்பம் நோயோடு வந்தால் எதிரே உட்காரவைத்து, யாருக்கு யார் பிறந்தார்கள், யாருக்கு என்ன உடம்பு என்று கேட்டு, வம்சப் படம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு மை, இறந்தவர் மேல் குறுக்குக் கோடு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் யாருடைய ரத்தத்தை எடுப்பது, எந்த மரபணுவில் தேடுவது என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். நோயாளிகள் என்னைப் 'படம் போடுற மேடம்' என்பார்கள். ஆலங்காயத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மனை பிரிக்கிற பிளானா என்று கேட்டார். அவர் குடும்பத்துக்கு அதுவும் தேவையாகத்தான் இருந்தது.

நம் பக்கத்துக் குடும்பங்களை வரைவது லேசு இல்லை. தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுத்திருப்பார்கள். அக்கா தங்கை இருவரும் அண்ணன் தம்பி இருவரைக் கட்டியிருப்பார்கள். கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடும். நான் போட்ட படத்தில் அநாவசியமாக ஒரு கோடு இன்னொன்றை வெட்டாது. ரப்பர் வைத்துக்கொண்டதே இல்லை. வெளியூரிலிருந்து வந்த மருத்துவர்கள் என் படங்களைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தப் பெருமையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என்னைக் கவிழ்த்தது அதுதான்.

பேரணாம்பட்டில் ஒரு குடும்பம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். முரளிக்கு ரத்தம் உறையாத நோய். மற்றவர்களுக்கு ஆறேழு நிமிடத்தில் நின்றுவிடும் ரத்தம் அவனுக்கு நிற்காது. அடிபடாமலே மூட்டுக்குள் கசிந்து முழங்கால் பூசணிக்காயாக வீங்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அம்மா தனபாக்கியம் பீடி சுற்றுபவர். அப்பா இல்லை.

இந்த நோய் வரும் வழியை நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காக ஒரு வரி: பழுதான மரபணு அம்மா வழியாக வரும், மகனுக்கு வந்தால் நோய், மகளுக்கு வந்தால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அவள் சுமந்துகொண்டு போய்த் தன் மகனுக்குக் கொடுப்பாள். கொடுக்காமலும் போகலாம். பாதிக்குப் பாதி.

முரளி ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் கூடவே வருபவள் ரேவதி. சித்தப்பா மகள், அடுத்த வீடு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. அங்கே லீவு வாங்குவது எவ்வளவு பேஜார் என்று ஆம்பூர்க்காரியான எனக்குத் தெரியும். ஆனாலும் வருவாள். பஸ்ஸில் அவன் காலை நீட்டி வைக்க இடம் பிடிப்பது, ஐஸைத் துணியில் சுற்றி மூட்டில் வைப்பது, நர்ஸ் ஊசியை எடுத்தபின் எத்தனை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நர்ஸுக்கே சொல்வது, எல்லாம் அவள்தான். "அண்ணா, கால ஆட்டாத" என்று அவள் அதட்டுவது வராந்தா முழுக்கக் கேட்கும்.

அவர்கள் வீட்டுப் படத்தையும் நான்தான் போட்டேன். தனபாக்கியத்தின் வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. பழுதைச் சுமப்பவர் என்று அர்த்தம். கீழே முரளியின் கறுப்புச் சதுரம். வலப்பக்கம் கொழுந்தனார் சதுரம், அவர் மனைவி சாந்தாவின் வட்டம், அவர்களிடமிருந்து கீழே ஒரே கோடு, அதன் முனையில் ரேவதியின் வெறும் வட்டம். நோய் இடப்பக்கம் வருகிறது, ரேவதி வலப்பக்கம் இருக்கிறாள். அவளைத் தொடுவதற்கு வழியே இல்லை.

அந்த நம்பிக்கையில்தான் ஒருநாள் அவளிடம் ஒரு குழாய் ரத்தம் கேட்டு வாங்கினேன். ஆராய்ச்சிக்கு நோயாளிகளின் மாதிரி மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் மாதிரியும் வேண்டும். கூட வருபவர்களிடம் கேட்போம். "எடுத்துக்கோங்க மேடம், சும்மாதான உக்காந்துனு இருக்கேன்" என்று கையை நீட்டினாள். பெயரை எடுத்துவிட்டு நாற்பத்தொன்று என்று எண் போட்டு உறைபெட்டியில் வைத்தோம். ஒப்புதல் படிவத்தில், இதை வைத்து உங்களை அடையாளம் காண மாட்டோம் என்று எழுதியிருக்கும். எழுதியது நான்.

ரேவதி கல்யாணமாகி ஆம்பூரிலேயே குடிபோனாள். ஒருநாள் வழக்கம்போல முரளியோடு வந்தாள், தனபாக்கியமும் கூட. பத்து வாரக் கர்ப்பம். நான் வாழ்த்தினேன். முரளி உள்ளே மருத்துவரிடம் போனான். ரேவதி என் மேசை ஓரத்தில் விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"மேடம், எனக்கும் அந்த டெஸ்ட் எடுக்கணுமா?"

நான் சிரித்தேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் சிரித்தேன்.

"உனக்கு எதுக்கும்மா? இது அம்மா வழியா வர்றது. நீ அப்பா வழி சொந்தம்" என்று ஒரு தாளை இழுத்து, சதுரம் வட்டம் எல்லாம் போட்டு, "உனக்கும் இந்த நோய்க்கும் நடுவுல காம்பவுண்டு சுவரே இருக்குது" என்றேன். பயிற்சிக்கு வந்திருந்த பெண் ஒருத்தி எனக்குப் பின்னால் நின்று குறிப்பு எடுத்துக்கொண்டாள். ரேவதி தாளையே பார்த்தாள்.

"சரிங்க மேடம்" என்றாள்.

தனபாக்கியம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் நான் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

நான்கு நாள் கழித்துத் தனபாக்கியம் மட்டும் தனியாக வந்தார். எதிரே உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"எங்க ஊட்டுப் படத்த கொஞ்சம் காட்டுங்க மேடம்."

எடுத்து விரித்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ரேவதியின் வட்டத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல், தாளில் தேய்த்துக்கொண்டே மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். கொழுந்தனாரைத் தாண்டி, செத்துப்போன வீட்டுக்காரரைத் தாண்டி, தன் வட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் வாயால ஒண்ணும் சொல்லல" என்றார். "நீங்களும் ஒண்ணும் கேக்கல."

நான் கேட்கவில்லை. அவர் விரல் போன வழியைப் படத்தில் பார்த்தேன்.

"முரளி தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம். சொன்னன்னா அவனுக்கு ரத்தம் வரும்."

முரளி போன்றவர்களுக்கு ஏன் ரத்தம் வருகிறது என்று வருடக்கணக்காக விளக்கி வந்தவள் நான். அந்த விளக்கங்களில் ஒன்றுகூட அந்த மேசைக்கு உதவாது என்று புரிந்தது. பேசாமல் இருந்தேன். நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று.

அப்புறம் அவர் வேறு யாரோ ஒருத்தியின் கதையைச் சொன்னார்.

"ஊர்ல ஒருத்தி இருந்தா மேடம். மொதப் புள்ளைக்கு இந்த மாதிரி ரத்தம் நிக்காது. ரெண்டாவது பொண்ணு பொறந்துச்சு. அவ ஓரகத்திக்கு ஏழு வருசமா புள்ள இல்ல. ஊட்ல பிரசவம்தான, யாருக்கும் தெரியாது. பதினாறாம் நாளு தூக்கினு போய் மடியில போட்டுட்டா. சர்ட்டிபிகேட்டுகூட ஓரகத்தி பேருலதான். இனிமே இது எம்புள்ளன்னு எப்பவும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு சத்தியம்."

"அந்தம்மா ஏன் குடுத்தாங்க?" என்றேன்.

"ஓரகத்தி அழுதுனே இருப்பா, பார்க்க முடியாது." கொஞ்சம் நிறுத்தினார். "பொண்ணுங்களுக்கு இந்த நோவு வராதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க மேடம். அதனாலதான் குடுத்தா. நோவில்லாத புள்ளையா பார்த்துத்தான் குடுத்தா. கெட்டத எடுத்துக் குடுக்கல."

ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்திலும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்தான். 'பெண்களுக்கு வராது' என்பது ஒரு வாக்கியத்தின் முதல் பாதி. இரண்டாம் பாதி, 'ஆனால் சுமப்பார்கள்.' முதல் பாதியில் ஜனங்கள் நிம்மதியாக எழுந்துவிடுவார்கள். எழுந்து போகிறவர்களை உட்காரச் சொல்லி மீதியையும் சொல்லி அனுப்புவதுதான் நம் வேலை. நான் சொன்னேனா, அவசரத்தில் விட்டேனா, தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் எடுக்கணும் மேடம்" என்றார் தனபாக்கியம். "ஆனா ஏன்னு அவளுக்குத் தெரியக்கூடாது. அவங்கம்மாவுக்கும் தெரியக்கூடாது." அந்தக் கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சமும் ஆடவில்லை. சாந்தாவைத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு கணக்குப் போட்டேன். ரேவதிக்குப் பதினோராவது வாரம் நடக்கிறது. அவள் பழுதைச் சுமந்தால், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பதிமூன்றாவது வாரத்துக்குள் எடுப்பது நல்லது. சோதனையே வேண்டாம் என்றாலும், பிரசவம் பார்ப்பவர்களுக்கு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாமல் ஆயுதம் போட்டுக் குழந்தையை இழுத்தால் தலைக்குள் ரத்தம் கசிந்து குழந்தை போய்விடும். அப்படிப் போன குழந்தைகளின் படங்களையும் நான் வரைந்திருக்கிறேன். சின்னச் சதுரம், குறுக்கே கோடு.

ஆக, சொல்லவும் முடியாது, சொல்லாமலும் இருக்க முடியாது. அப்போதுதான் நாற்பத்தொன்று நினைவுக்கு வந்தது.

அவள் ரத்தம் ஐந்து வருடமாக நம் உறைபெட்டியிலேயே இருக்கிறது. ஆராய்ச்சிப் பதிவேட்டில் 'நோய்க்குச் சம்பந்தமில்லாத ஆரோக்கியமானவர்' என்று உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் நோயாளியின் கூடப்பிறந்தவள். எடுத்துச் சோதித்தால் ஓரிரு நாளில் பதில் தெரிந்துவிடும். பழுது இல்லை என்றால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். உறைபெட்டிச் சாவியும் என்னிடம்தான்.

போய்த் திறந்தேன். உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. குழாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று உறைபெட்டிக்குத்தான் தெரிந்தது. கதவு அதிகநேரம் திறந்திருந்தால் அது கூவும், கூவியது. சத்தம் கேட்டு எங்கள் துறைத்தலைவர் வந்தார். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். அதிகம் பேசாதவர். அவர் ஒரு முழு வாக்கியம் சொன்னால் அன்று துறையில் அதுதான் செய்தி.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கடலையை உரித்துக்கொண்டே கேட்டார்.

"பழுது இல்லன்னு வந்தா?"

"யாருக்கும் சொல்ல மாட்டேன் சார்."

"இருந்தா?"

"சொல்லித்தான் ஆகணும்."

"எப்படித் தெரிஞ்சுதுன்னு அந்தப் பொண்ணு கேட்டா?"

குழாயைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன்.

"ஆராய்ச்சிக்குன்னு குடுத்தத வெச்சு, அவளக் கேக்காம அவளப் பத்தி தெரிஞ்சுக்கிறது" என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. குழாயை என் கையிலிருந்து வாங்கி, அதன் இடத்தில் வைத்து, கதவைச் சாத்தினார். "நான் ஒரு தடவ இந்த மாதிரி ஒண்ணத் தொறந்திருக்கேன். அதுக்கு மேல கேக்காத."

நான் கேட்கவில்லை. கதவருகே போனவர் திரும்பி நின்றார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா இல்ல?"

"ஆமா சார்."

"அத ஏன் கேட்டான்னு நீ கேட்டியா?"

போய்விட்டார். அறையில் கடலைத் தோலும் நானும் மட்டும் இருந்தோம்.

மறுநாள் ஆம்பூருக்குப் போனேன். சாப்பாட்டு மணி அடித்ததும் கம்பெனி கேட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் பெண்கள் வெளியே வந்தார்கள். தோலும் பசையும் கலந்த வாசனை. என் அப்பா தோல் தொட்டியில் வேலை செய்தவர். மற்றவர்கள் மூக்கைப் பொத்தும் இடத்தில் எனக்குப் பசிக்கும். ரேவதி டிபன் பாக்ஸோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"முரளி அண்ணனுக்கு இன்னா?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. நான் உன்னப் பார்க்கத்தான் வந்தேன்."

மர நிழலில் உட்கார்ந்தோம். என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. நல்லதுதான்.

"அன்னிக்கு எனக்கும் டெஸ்ட் எடுக்கணுமான்னு கேட்டியே. ஏன் கேட்ட?"

டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து, பார்த்து, மூடினாள்.

"நீங்க சிரிச்சிட்டீங்களே மேடம்" என்றாள்.

"தப்பு. இப்ப சிரிக்க மாட்டேன்."

டிபன் பாக்ஸைப் பக்கத்தில் வைத்தாள். சாப்பாட்டு இடைவேளை அரைமணி நேரம்தான்.

"ஆறாவது படிக்கச் சொல்லோ தெருக் கொழாயாண்ட ஒரு சண்ட. எங்கம்மாவும் எதிர் ஊட்டு ஆளும். 'புள்ள பெக்காதவளுக்கு இன்னா வாயி, இரவல் புள்ளய வெச்சினு'ன்னு அந்தம்மா கத்திட்டாங்க. நான் கொடத்தோட நின்னுனு இருந்தேன். எங்கம்மா என்னப் பார்த்தாங்க. நான் கேக்காத மாதிரி தண்ணி புடிச்சினு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா மேடம். யாரு பெத்தாங்கன்னு கண்டுபுடிக்க எவ்ளோ நேரம் ஆவும்? பெரியம்மா எங்க ஊட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் என் தலையப் பார்ப்பாங்க, எண்ண வெச்சிருக்கனா இல்லியான்னு. வேற யாரு பார்ப்பா?"

அவளுக்கு முரளி எப்போதும் அண்ணன்தான். சித்தப்பா மகள் என்றாலும் அண்ணன், கூடப்பிறந்தவள் என்றாலும் அண்ணன். கூப்பிடும் முறையில் ஒன்றும் மாறவில்லை. நான் எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டு வரும் சித்தப்பா மகளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதைப் படத்தில் போட நமக்குக் குறி கிடையாது.

"இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லலியா?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா எங்கம்மா தாங்க மாட்டாங்க மேடம். பெரியம்மாவும் தாங்க மாட்டாங்க. அதான் உங்களக் கேட்டேன். 'எதுக்கும் ஒருதரம் பார்த்துடலாம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா போதும். யாருக்கும் எதுவும் தெரியாம ஊசி குத்தினு போயிருப்பேன். நீங்க காம்பவுண்டு சுவரு கட்டிட்டீங்க."

தெரியாது என்று நான் காப்பாற்ற வந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவளும் அவள் பங்குக்கு இரண்டு அம்மாக்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான், படத்தோடு.

மறுநாளே வந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதை இரண்டாம் பாதியோடு சேர்த்துச் சொல்லி, கையெழுத்து வாங்கி, புதிதாக ரத்தம் எடுத்தோம். முரளியின் பழுது எந்த இடத்தில் என்பது முன்பே தெரியும் என்பதால் நேராக அந்த இடத்தைப் பார்த்தார்கள். இருந்தது. அவள் சுமக்கிறாள்.

நானும் துறைத்தலைவரும் உட்கார்ந்து விளக்கினோம். பையன் என்றால் பாதிக்குப் பாதி. நஞ்சுக்கொடியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். அதில் கரு கலையும் ஆபத்து கொஞ்சம் உண்டு. வேண்டாம் என்றாலும் தவறில்லை. ரேவதி எல்லாவற்றையும் கேட்டாள்.

"நோவு இருக்குதுன்னு வந்தா இன்னா பண்ணுவாங்க?"

"அத நீயும் உன் வீட்டுக்காரரும்தான் முடிவு பண்ணணும்" என்றார் துறைத்தலைவர்.

"கலைக்கறதான?" அவள் முகத்தில் கோபம் இருந்தது. "அப்டின்னா அண்ணன இன்னா சொல்றீங்க சார்? அவன் இல்லாம இருந்திருக்கணும்னு சொல்றீங்களா?"

துறைத்தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லம்மா. நான் அப்படிச் சொல்லல" என்றார். அன்றைக்குத் துறையில் அதுதான் செய்தி.

"ஐஸு எங்க வெக்கணும், எவ்ளோ நேரம் அழுத்தணும்னு எனக்குத் தெரியும். வேற எந்தப் பொம்பளைக்காச்சும் பொறந்தாத்தான் அந்தப் புள்ளைக்குக் கஷ்டம். எனக்குப் பொறக்கட்டும்" என்றாள். "பிரசவத்த மட்டும் ஒழுங்கா பாருங்க."

அவளுடைய முடிவுதான் சரி என்று உங்களிடம் சொல்லவில்லை. வேறு முடிவெடுத்த பெண்களும் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் அழுதுவிட்டுத்தான் எடுத்தார்கள். முடிவெடுக்க வேண்டியவள் தெரிந்து எடுத்தாள் என்பதோடு நம் வேலை நிற்கிறது.

வீட்டில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். "அம்மாகிட்ட எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்றேன். மீதி அவங்களுக்கே தெரியும்" என்றாள். எப்போது சொன்னாள், சாந்தா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. புருஷன் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் முரளியின் கடைக்குப் போய் ஊசி எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறான். அந்த மாதம் முரளிக்கு முழங்கால் வீங்கியது. தனபாக்கியம் நடுங்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"நான் சொல்லல இல்ல மேடம்?"

"நீங்க வாயத் தொறக்கவே இல்ல" என்றேன். "நான் சாட்சி." மரபணுத் துறையில் இப்படி ஒரு சிகிச்சை பாடப்புத்தகத்தில் கிடையாது. ஆனால் நடுக்கம் நின்றது.

பையன் பிறந்தான். எதையும் போட்டு இழுக்காமல், உறைய வைக்கும் மருந்தைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, தொப்புள்கொடி ரத்தத்தை உடனே சோதனைக்கு அனுப்பினார்கள். நோய் இருந்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், சுத்தம். முரளி காலை இழுத்துக்கொண்டு வந்து குழந்தையை மடியில் வாங்கி, "டேய், கால ஆட்டாத" என்றான். ரேவதி சிரித்தாள். நான் அழுதேன். துறையில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை என்பதால் மூன்று பேர் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள் குழந்தையின் கோப்புக்காக நான் படத்தைப் புதிதாகப் போட்டேன். இதற்கு உலகம் முழுக்க ஒரே விதி. பெற்றவரிடமிருந்து வரும் கோடு முழுக்கோடு. வளர்த்தவரிடமிருந்து வரும் கோடு விட்டு விட்டுப் போடும் கோடு. போட்டு முடித்தபோது சாந்தா வந்தார். அவரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெலிந்த உடம்பு, இடுப்பில் செருகிய பர்ஸ், சண்டைக்குத் தயாரான முகம்.

"எங்க ஊட்டுப் படமா? காட்டுங்க."

காட்டினேன். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இது யாரு?"

"ரேவதி."

"இது?"

"தனபாக்கியம்மா. இது பெத்த கோடு."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல் வலப்பக்கம் வந்தது. "இது நானா?"

"ஆமாம்மா. இது வளர்த்த கோடு."

குனிந்து பார்த்தார். "இன்னா மேடம், ஒடஞ்சி ஒடஞ்சி இருக்குது?"

"அதுதான் ரூல்ஸ். வளர்த்தவங்களுக்கு விட்டு விட்டுத்தான் போடணும்."

சாந்தா என்னைப் பார்த்தார். சண்டைக்கு வந்த முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"நான் ஒரு நாளுகூட விட்டு விட்டு வளக்கலியே மேடம்."

அதுவரை நான் விதியை மீறியதில்லை. பேனாவை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கோட்டில் இருந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக நிரப்பினேன். அவசரப்படவில்லை. அவர் கடைசி வரை பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, பேரனைப் பார்க்கப் போனார்.

அந்தப் படம் இப்போது உங்கள் கணினியில் இருக்கிறது. ஒரு வட்டத்துக்கு இரண்டு அம்மாக்களிடமிருந்தும் முழுக்கோடு வந்தால் புதிய மென்பொருள் பிழை என்று சிவப்பில் காட்டுகிறதாம். திருத்திவிடட்டுமா என்று போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். படத்துக்கு அடியில் என் கையெழுத்தில் 'பழுது இடப்பக்கக் கோட்டில் வருகிறது' என்று எழுதியிருக்கிறேன். மருத்துவத்துக்கு அது போதும். திருத்த வேண்டாம்.

என் பிழையைப் பார்க்க வேண்டுமானால் அதே கோப்பில் முந்தைய பக்கத்தைப் புரட்டுங்கள். ரேவதியின் வட்டத்துக்கு ஒரே ஒரு கோடு, எதையும் வெட்டாமல், மிக அழகாக இருக்கும். அதையும் கிழித்துவிடாதீர்கள்.